வாயைத் திறக்காமல் தாமதமாகப் பாடியவர்கள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் எழுதுகிற எந்த இசையையும் கம்ப்யூட்டர் முகம் சுளிக்காமல் வாசித்துக் காட்டும். கெட்ட செய்தியும் அதேதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியறையில் நான் பல வருடம் செய்த தொழில் இது. கையால் எழுதிய ஸ்டாஃப் நொட்டேஷனை, அதாவது ஐந்து கோட்டு இசைக்குறிப்பை, கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்செடுத்து, வேண்டுமென்பவர்களுக்கு அதையே வாசிக்கவைத்து சிடியும் போட்டுக் கொடுப்பேன். தேவாலயப் பாடகர் குழுக்கள், பள்ளிக்கூட பேண்டுகள், சிதம்பரத்தில் இசை படிக்கும் மாணவர்கள் என்று ஆட்கள் படியேறி வருவார்கள். ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்ததால் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். இப்போது கடையை மூடிவிட்டேன். காதை மூட முடியவில்லை. அதனால் உங்கள் தலைமுறை போடுகிற டெமோக்களை எல்லாம் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

ஒருமுறை ஒரு பேண்டு மாஸ்டர், டிரம்பெட்டுக்கு மூச்சு விடவே இடம் வைக்காமல் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தார். "கம்ப்யூட்டர் வாசிக்குதே டீச்சர்?" என்று கேட்டார். வாசிக்கும், அதற்கு நுரையீரல் கிடையாது, வாசிக்கப்போகிற பிள்ளைக்கு உண்டு என்று சொல்லி அனுப்பினேன். அவர் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போய்விட்டார். நம் தொழிலில் வாடிக்கையாளர்கள் இப்படித்தான் குறைவார்கள், கவலைப்படாதீர்கள்.

சாம்பிள் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்கள் வீட்டாருக்காகச் சொல்கிறேன். உண்மையான கலைஞர் ஒருவரை ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். நாம் திரையில் எழுதும் சுரங்களுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் அந்தப் பதிவுகளை எடுத்து அடுக்கி ஒலிக்கும். ஆரம்பத்தில் என்னிடம் இருந்ததெல்லாம் பொம்மை பியானோ மாதிரி ஒலித்தது. 2009 வாக்கில் நல்ல தொகுப்பு ஒன்று டிவிடி டிவிடியாக வந்து சேர்ந்தது. அதை ஏற்றி முடிப்பதற்குள் நான் பட்ட பாட்டை இங்கே சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் நீங்களே படித்துக்கொள்ளலாம். படித்துக்கொள்ள முடியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர்த் தேவாலயம் ஒன்றில் நான் கீபோர்டு வாசித்த பாடகர் குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். பகலில் வங்கி அதிகாரி. அங்கே யாரும் அவர் கையசைவுக்குக் கட்டுப்படவில்லை போலிருக்கிறது, அந்தக் குறையை ஞாயிறு மாலைகளில் எங்களிடம் தீர்த்துக்கொள்வார். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அவரே ஒரு பாட்டு எழுதினார். பெண்களின் சோப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்களின் டெனர், பேஸ் என்று நான்கு குரல்களுக்கு, நல்ல வேகத்தில். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஆனால் அந்தக் குஞ்சு நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. கடைசி வரியில் மட்டும் வேகத்தை நிறுத்தி, இரண்டு கைகளையும் உயர்த்தி, நான்கு குரலையும் அந்தரத்தில் நிற்க வைப்பார். கையை இறக்கும்வரை யாரும் விடக்கூடாது. அந்த ஒரு இடத்துக்காகவே மற்ற பக்கங்களை எழுதினாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

பாட்டைச் சிதம்பரத்தில் நடக்கும் கரோல் ஆராதனையில் பாடுவதாக ஏற்பாடு. சுற்றுவட்டாரக் குழுக்களெல்லாம் வரும்.

குழுவில் பாதிப் பேருக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பயிற்சி சிடி போடுவது எங்கள் வழக்கம். பின்னால் பியானோ சன்னமாக ஒலிக்கும், அவரவர் பாட வேண்டிய மெட்டு மட்டும் பலமாகக் கேட்கும். மற்ற மூன்று குரல்களுக்கும் கிளாரினெட் ஒலியைப் போட்டேன். ஆண்களின் கீழ்க்குரலான பேஸுக்கு என்ன போடுவது என்றுதான் சிக்கல். தொகுப்பில் இருந்த மனிதக் குரல் அவ்வளவு கீழே இறங்கினால் கன்றைத் தேடும் மாடு மாதிரி இருந்தது. பேசாமல் பியானோவையே போட்டுவிடலாம் என்றேன்.

"பியானோ தட்டுற சத்தம் டீச்சர்" என்றார் மாஸ்டர். "மனுஷன் கொரல் தட்டுற சத்தமா? செல்லோ போடுங்க. கேக்கும்போதே தொண்டைக்குள்ள எறங்கணும்."

வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரியான செல்லோவைப் போட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். நானும் மூடித்தான் கேட்டேன். பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு அழகாக இருந்தது.

பேஸ் பாட நான்கு பேர். நால்வருக்கும் தலை சாலமன். சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். குள்ளமான மனிதர், பேசினால் சாதாரணக் குரல், பாடினால் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் அதிர்வு தெரியும். மற்ற மூவரும் அவரோடு ஒரே பி ஷிஃப்ட்டில் வேலை பார்த்தவர்கள். நால்வருக்கும் நோட்ஸ் என்றால் நோட்டுப் புத்தகம்தான். ஆனால் ஒன்றைக் கேட்டால் கேட்டபடியே திருப்பிப் பாடுவார்கள். சிடியைக் கம்பெனி பஸ்ஸில் கொடுத்துப் போடச் சொன்னார்கள். போகும்போதும் வரும்போதும் அதுதான் ஓடியது. டிரைவருக்கு மனப்பாடம். ஜலீல் பாய் என்ற சூப்பர்வைசர், யார் பாட்டு எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், தானும் பேஸ் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார் என்று சாலமன் பெருமையாகச் சொன்னார்.

எல்லோரும் சேர்ந்து பாடும் முதல் ஒத்திகைக்கு நான் கீபோர்டு வாசித்தேன். பேஸ் பின்தங்கியது. ரொம்ப இல்லை, ஒரு கண் சிமிட்டும் நேரம். வேகமான பாட்டில் அதுவே பெரிய குற்றம். மாஸ்டர் நோட்ஸ் வைத்திருந்த ஸ்டாண்டைத் தட்டினார்.

"பேஸ் லேட்டு! சாலமன், தூக்கமா?"

"இல்ல மாஸ்டர்."

"அப்ப சிடிய இன்னும் நல்லாக் கேளுங்கய்யா."

அவர்கள் இன்னும் நன்றாகக் கேட்டார்கள். இன்னும் நன்றாகத் தாமதமானார்கள். அடுத்த ஒத்திகையிலும் அதே கதை. அதற்கடுத்ததில் மாஸ்டர் திட்டவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் வங்கியிலிருந்து நேராக என் கடைக்கு வந்தார்.

"டீச்சர், முடிவு பண்ணிட்டன். பேஸ லேப்டாப்பே பாடட்டும். பியானோவும் அதுலயே ஓடட்டும். ரெண்டு பெரிய ஸ்பீக்கர் வெச்சிக்கலாம்."

"அப்ப அந்த நாலு பேரு?"

"நிக்கட்டும். வாய மட்டும் அசைக்கட்டும். வரிசை காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அவுங்ககிட்ட யாரு சொல்றது மாஸ்டர்?"

"நீங்கதான். உங்க லேப்டாப்புதான?"

நான் சொல்வதற்கு முன்பே சேதி எப்படியோ போய்விட்டது. சாலமன் ஷிஃப்ட்டுக்குப் போகும் வழியில் படியேறி வந்தார். சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்கவே இல்லை.

"டீச்சர், பொண்ணுக்குச் சிதம்பரத்துல எடம் பாத்துருக்கோம். மாப்ள வீட்ல எல்லாரும் பாடுறவுங்க. நா பேஸ்னு கேள்விப்பட்டுதான் பேச்சே ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு மொத வரிசைல வந்து ஒக்காருவாங்க."

பஸ் வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மாஸ்டர் சொல்றாரு, வாய அசைக்கிறன். நாளைக்குக் கல்யாண வீட்ல, சம்பந்தி ஒரு பாட்டு பாடுங்கன்னு கேட்டா? லேப்டாப்ப எடுத்துக்கினு நீங்க வருவீங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு ஒரு நாற்காலி போடக்கூடத் தோன்றவில்லை.

"நெசமாவே லேட்டாதான் வர்றமா டீச்சர்?"

"ஆமாங்க" என்றேன். உண்மைதானே.

"எங்க நாலு பேருக்குள்ள சரியாதான் இருக்கோம். ஒருத்தன் முந்தறதும் இல்ல, ஒருத்தன் பிந்தறதும் இல்ல. நாலு பேரும் எப்படி டீச்சர் ஒரே அளவுக்கு லேட்டா வருவோம்?"

பஸ் ஹார்ன் அடித்ததும் போய்விட்டார். புதியவர்களே, இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் தாமதமானால் அவரைக் கேட்கலாம். நான்கு பேர் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு தாமதமானால், அவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். எனக்கு அன்று அது உறைக்கவில்லை. சாலமன் முகம்தான் மனதில் நின்றது.

அடுத்த ஒத்திகை தேவாலயத்துக்குப் பக்கத்துக் கூடத்தில். ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் பீரோ மாதிரி நின்றன. லேப்டாப்பை இணைத்துவிட்டு நான் கீபோர்டு இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். பேஸ் வரிசையில் நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாயை அசைக்கச் சொல்லியிருந்தார் மாஸ்டர். ஒத்திகையில் எதற்கு என்று அதையும் செய்யவில்லை போலும், உதடு ஒட்டியே இருந்தது.

பாட்டைத் தொடங்கினேன். மாஸ்டர் தலையைக் குனிந்து பக்கம் புரட்டிக்கொண்டே கையசைத்தார். பழக்கம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? திடீரென்று ஸ்டாண்டை ஓங்கித் தட்டினார்.

"பேஸ் லேட்டு! சாலமன், எத்தன தடவய்யா சொல்றது?"

எல்லோரும் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். சாலமன் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

"மாஸ்டர், நாங்க வாயே தொறக்கல."

லேப்டாப்பை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிசப்தமான கூடத்தில் பியானோவும் செல்லோவும் மட்டும். பியானோ தாளத்தில் சரியாக விழுந்தது. செல்லோ அதற்குப் பின்னால், ஒரு கண் சிமிட்டும் நேரம் தள்ளி, மெல்ல நிறைந்து வந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும். ஆல்ட்டோ வரிசையில் யாரோ சிரித்து, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. செல்லோ வில்லால் இழுக்கிற வாத்தியம். வில் நரம்பைத் தொட்டு ஒலி நிறையச் சற்று நேரம் பிடிக்கும். அந்தக் கலைஞர் மெதுவாக இழுத்து வாசித்ததைத்தான் பதிவு செய்திருந்தார்கள். திரையில் பார்த்தால் சுரம் இருக்க வேண்டிய இடத்தில் இம்மி பிசகாமல் இருக்கும், காதுக்கு வந்து சேரும்போது தாமதம். மெதுவான பாட்டில் அது அழகு. மாஸ்டரின் வேகத்துக்கு ஆகாது. அந்தத் தாமதத்தைத்தான் நால்வரும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேட்டு, ஒரு மயிரிழை விடாமல் கற்றுக்கொண்டிருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"அவுங்க மேல தப்பில்ல மாஸ்டர்" என்றேன். "சிடில என்னா இருக்கோ அதத்தான் பாடுறாங்க. லேட்டு செல்லோலதான் இருக்கு."

"செல்லோ போடச் சொன்னது யாரு?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சரி. மிஷின்ல அத சரி பண்ண முடியுமா?"

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். முடியும். பேஸ் வரியை மட்டும் சற்று முன்னால் இழுத்துவிட்டால் போதும், ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. முடியும் என்று சொன்னால் நான் கெட்டிக்காரி. செல்லோ சரியாகிவிடும், சாலமன் சம்பந்தி வீட்டார் முன்னால் வாயை அசைத்துக்கொண்டு நிற்பார். முடியாது என்று சொன்னால் அது பொய். அதுவும் நாளைக்கே வேறு யாராவது வந்து உடைக்கக்கூடிய பொய். நாற்பது கண்கள் என்னைப் பார்த்தன. சாலமன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியும் மாஸ்டர், ஒரு நிமிஷ வேல" என்றேன். "அதுக்கு முன்னாடி கடைசி வரிய ஒருவாட்டி எடுத்துப் பாத்துடலாமா? உங்க நிறுத்தல் எவ்ளோ நேரம்னு எனக்குத் தெரியணும்."

நிறுத்தல் என்றதும் அவர் முதுகு நிமிர்ந்தது. கடைசி வரிக்கு முன்னாலிருந்து ஓடவிட்டேன். மூன்று குரல்களும் ஏறி வந்தன. மாஸ்டர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். லேப்டாப் தனக்கு எழுதிக் கொடுத்திருந்த அளவுக்கு நின்றது. பிறகு, வேலை முடிந்தது என்று நிறுத்திவிட்டது. பியானோ அடங்கியது, செல்லோ அடங்கியது.

மாஸ்டரின் கை இறங்கவில்லை. அவருக்கு முன்னால் வேறொருவர் பாட்டை முடித்து அவருக்குப் பழக்கமில்லை. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர் மூன்றும் கீழே பிடிமானம் இல்லாமல் மேலேயே தொங்கின. டெனரில் இரண்டு பேருக்குச் சுருதி இறங்கத் தொடங்கியது. பாடியவர்கள் முகமெல்லாம் சிவந்தது. அப்போதும் அவர் இறக்கவில்லை.

அந்தச் சமயத்தில் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. சாலமன். யாரும் கைகாட்டவில்லை, யாரும் கேட்கவில்லை. கட்டிய கையைக் கட்டியபடியே, விட்டுப்போன அந்தக் கீழ்ச்சுரத்தை எடுத்து அடியில் வைத்தார். மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். டெனரின் சுருதி தானாக மேலே வந்தது. என் பெஞ்சு அதிர்ந்தது. மாஸ்டர் அன்றைக்கு நிறுத்திய அளவுக்கு நீண்ட நிறுத்தலை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கையை இறக்கியதும் கூடத்தில் லேப்டாப்பின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எவ்ளோ நேரம்னு தெரிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"தெரிஞ்சுது. ஆனா அத லேப்டாப்புக்குச் சொல்லிக்குடுக்க முடியாது மாஸ்டர். நீங்க ஒவ்வொருவாட்டியும் ஒவ்வொரு அளவு நிறுத்துவீங்க. அது உங்க கையப் பாக்காது."

இதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். கையில் பல உண்மைகள் இருக்கும்போது எதை முதலில் எடுத்து மேசைமேல் வைப்பது என்பதைத்தான் எந்த மென்பொருளின் கையேட்டிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

"லேப்டாப்ப மூடுங்க" என்றார் மாஸ்டர். பிறகு பேஸ் வரிசையைப் பார்த்து, "சாலமன், நீங்களே பாடுங்க. லேட்டு மட்டும் வேணாம்" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய மன்னிப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அன்றே வீட்டுக்குப் போய்ப் புது சிடி போட்டேன். பேஸுக்கு வெறும் பியானோ. டொக்கு டொக்கென்று, கதவு தட்டுகிற மாதிரி, ஒரு அழகும் இல்லாத ஒலி. ஆனால் தட்டினால் தட்டின நேரத்தில் கேட்கும். பி ஷிஃப்ட் பஸ்ஸில் அதற்கு வரவேற்பு இல்லை. "பழைய சிடிதான் கேக்க நல்லாருந்துச்சி" என்று டிரைவர் முகத்தைத் தூக்கிக்கொண்டாராம். ஜலீல் பாய் கடைசிவரை பழைய தாமதத்திலேயே முணுமுணுத்தார், அவரை யாரும் மாற்ற முயலவில்லை.

பழகினதை மறப்பது கற்பதைவிடக் கஷ்டம். சிதம்பரம் போகும் வேனில் எனக்கு அதே நினைப்புதான். பழைய தாமதம் அங்கே திரும்பி வந்தால், லேப்டாப்பை மூட வைத்தவள் நான்தான். சாலமன் என் பின் இருக்கையில் ஜன்னலோரம் கண்ணை மூடி, முழங்காலில் விரலால் டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே வந்தார்.

ஆராதனையில் முதல் வரிசையில் அவர் சொன்ன குடும்பம் உட்கார்ந்திருந்தது. நடுவில் வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர், கையில் பாட்டுத்தாளோடு, தேர்வு அதிகாரி மாதிரி. நான் கீபோர்டில் முதல் சுரத்தைத் தொட்டேன். பேஸ் வர வேண்டிய இடம் வந்தது. வந்தார்கள். என் விரல் விழுந்த அதே நொடியில், நான்கு பேரும் ஒரே குரலாக. நான் அடுத்த சுரத்தை வாசிக்க மறந்துவிடுவேனோ என்று பயந்தேன். கடைசி வரியில் மாஸ்டர் கையை உயர்த்தியபோது வெள்ளைச் சட்டைப் பெரியவர் பாட்டுத்தாளை மடியில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த அம்மாவிடம் சாலமனைச் சுட்டிக்காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, நிறுத்தலில் கீபோர்டுக்கு வேலை இல்லை.

கல்யாணம் அடுத்த வருடம் நடந்தது. பந்திக்கு முன்னால் சம்பந்தியை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். பாடினார். நான் வெறுங்கையோடுதான் போயிருந்தேன்.

அந்த ஆராதனையில் எங்கள் பாட்டை யாரோ பதிவு செய்திருந்தார்கள், அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. சில வருடங்கள் கழித்து உங்களைப் போல் இத்தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி பாண்டிச்சேரியிலிருந்து என் கடையைத் தேடிக்கொண்டு வந்தார். கழுத்தில் ஹெட்போன், கையில் பேனா.

"டீச்சர், அந்த பேஸ் சவுண்டு எந்த சாம்பிள் லைப்ரரி? எல்லாத்துலயும் தேடிட்டன், அந்த மாதிரி கெடைக்கவே இல்ல. சுரம் ஆரம்பிக்கிற எடம் அவ்ளோ கரெக்டா இருக்கு."

"அது கடைல விக்கிறது இல்ல தம்பி" என்றேன். "சிப்காட்ல பி ஷிஃப்ட் முடிஞ்சதும் பஸ்ல வந்து எறங்கும். என்னா வெச்சிப் பழக்குறமோ அத அப்படியே பாடும், அதனால பாத்துப் பழக்கணும். மத்தபடி கைய தூக்கி நின்னா போதும். நீங்க எறக்குற வரைக்கும் நிக்கும்."